தேனிச் சீமையின் கண் மையங்கள்

வயது ஏற ஏறக் கண் மங்குவது தெய்வ சங்கற்பம் என்றெண்ணி, பேரன் முகத்தைக் குரலால் மட்டும் அறிந்துகொண்டு, திண்ணையோடு திண்ணையாய் ஒடுங்கிப்போன முதியோர் நம் கிராமங்களில் எத்தனை பேர்! அவருள் மிகப் பலரைப் பீடித்தது கண்புரை. ஒரு சிறு சஸ்திர சிகிச்சையால் நீங்கக்கூடிய தோஷம்.

வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918-இல் பிறந்து, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களையே சஸ்திரம் பிடிக்கப் பழக்கிக்கொண்ட டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-இல் அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற பின், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் தரும் கட்டணத்தைக்கொண்டு ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்பது அதன் ஏற்பாடு. ஊர்தோறும் கண் முகாம் நடத்தி, புரை கண்டோரை வண்டியேற்றி மதுரைக்கு அழைத்துவந்து, பார்வையோடு திருப்பி அனுப்பும் கைங்கரியம் ஆண்டுக்காண்டு பெருகிற்று.

ஆயினும் 1999-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அம்முகாம்கள் நடந்த ஊர்களிலேயே கண் நோயுடையோருள் நூற்றுக்கு ஏழு பேரளவே அவற்றுக்கு வந்தனர் என்று காட்டிற்று. துணைக்கு வர ஆள் இல்லை, போகச் செலவுக்குக் காசில்லை, போனால் என்ன செய்வார்களோ என்ற பயம் வேறு. தர்மமாய்க் கொடுத்தும் வாங்க இயலாத நிலை அது. குறை முதியவரிடத்தில் இல்லை, முகாம் என்னும் அமைப்பிலேயே இருந்தது என்று அந்த ஸ்தாபனத்தார் ஒப்புக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதன் பயனாகவே 2004-ஐ ஒட்டி, தேனியிலுள்ள அரவிந்த் மருத்துவமனையைச் சூழ்ந்த அம்பாசமுத்திரம், போடிநாயக்கனூர், சின்னமனூர் முதலிய ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்கள் எழுந்தன. டாக்டர் அங்கே இரார். கிராமத்திலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பெற்ற பெண் ஒருத்தி இருப்பாள். "பாட்டி, தாடையை இதுல வைங்க, கண்ணை இமைக்காமப் பாருங்க" என்று அவள் சொல்ல, நடுங்கும் தலையை ஸ்லிட் லாம்ப் கருவியின் தாங்கியில் வைத்துப் பாட்டி மூச்சடக்கி நிற்பாள். அக்கருவி காட்டும் கண்ணின் பிம்பம் தேனியிலிருக்கும் டாக்டரின் திரையில் தோன்ற, அவர் பாட்டியோடு நேரே பேசி, கண்ணாடி போதுமா, சஸ்திர சிகிச்சை வேண்டுமா என்று சொல்லிவிடுவார்.

இதற்கு வேண்டிய கம்பியில்லாத் தொடர்பை வகுத்துக் கொடுத்தவர்கள் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்து ஆராய்ச்சியாளர்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது வீட்டு வைஃபையை. அதுவோ அருகருகே பேசுவதற்கென்று பிறந்தது. ஒவ்வொரு துணுக்குச் செய்திக்கும் உடனே பதிலை எதிர்பார்ப்பது. தொலைவினால் பதில் தாமதித்தால், செய்தி தொலைந்ததென்று மயங்கி மீண்டும் மீண்டும் அனுப்பித் தடுமாறுவது. அவர்கள், பல துணுக்குகளுக்குச் சேர்த்து ஒரே பதில் வரும்படி விதியை மாற்றி, உயர்ந்த கோபுரங்களில் ஒன்றையொன்று நேர்நோக்கும் ஆண்டெனாக்களை நிறுத்தினர். உண்மையில் அவர்களை அதிகம் வருத்தியது தூரமன்று, நம் மின்சாரமே. திடீரென ஏறியும் இறங்கியும் கருவிகளை அது எரித்துவிடும், ஆகவே மின்சாரத்தைச் சீராக்கும் சாதனங்களையும் அவர்கள் செய்ய வேண்டியதாயிற்று.

மையத்தில் சொற்பக் கட்டணம் ஒன்று வாங்கப்பெற்றது. நன்கொடை நின்றால் விளக்கணையும் தர்மமாக மையம் இருத்தலாகாது என்பதே காரணம். இம்முறை நிலைத்ததற்கு, கருவியின் நுட்பத்தைக் காட்டிலும் இந்த முன்யோசனையே பெரிதும் உதவிற்றென்பது என் துணிபு.

டாக்டர் வெங்கடசாமி 2006-இல் காலமானார். இன்று அத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேற்பட்டு நடக்கின்றன. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் கண் மங்கிய பெரியவர் இருந்தால், இந்த வாரமே அவர் கையைப் பிடித்து அருகிலுள்ள கண் மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.