ஒலி கலக்கவில்லை

1982இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கு நூறு வயது நிறைந்தது. அந்த நூறு ஆண்டுகளில் ஒரு பெண்கூட அதில் நிரந்தர உறுப்பினராக இருந்ததில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் மதலேன் கருஸ்ஸோ என்ற வயலின் கலைஞர் முதல் பெண்ணாக உள்ளே நுழைந்தார். அவரைப் பெரிய சச்சரவின்றி ஏற்றுக்கொண்டார்கள். சண்டை வந்தது இன்னொரு பெண்ணால். ஸபீனே மாயர், வயது இருபத்துமூன்று, கிளாரினெட்.

வயலினுக்கு நடக்காத சண்டை கிளாரினெட்டுக்கு ஏன் நடந்தது? பெரிய இசைக்குழு ஒன்றில் வயலின் வாசிப்பவர்கள் முப்பது பேர்வரை இருப்பார்கள். ஒருத்தி வந்தால் அந்தக் கூட்டத்துக்குள் அமர்ந்துகொள்ளலாம். கிளாரினெட்டுக்கோ நாலைந்து இடங்கள்தான். முதன்மைக் கிளாரினெட்டின் இடம் தனிக்குரலின் இடம். பிராம்ஸின் மூன்றாம் சிம்ஃபனியில் இரண்டாவது பகுதி தொடங்கும்போது அரங்கமே அந்தக் குழலைத்தான் கேட்கும். அந்த நாற்காலியில் ஒரு பெண் என்றால், கேட்காமல் இருக்க வழியில்லை.

மாயரின் தந்தை கிளாரினெட் கலைஞர். முதல் குருவும் அவரே. அண்ணன் வோல்ஃப்காங்கும் அதே கருவி. பிறகு ஸ்டுட்கார்ட்டிலும் ஹனோவரிலும் படிப்பு, பவேரிய வானொலி இசைக்குழுவில் வேலை. அவரைப் பெர்லினுக்குக் கொண்டுவர விரும்பியவர் தலைமை நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயன். குழுவினர் மறுத்தார்கள். கராயன் விடவில்லை, நிர்வாகம் தகுதிகாண் காலத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அந்தக் காலம் முடிந்து வாக்கெடுத்தபோது எதிராக 73, ஆதரவாக 4.

குழுவினர் சொன்ன காரணம் இதுதான்: அவருடைய ஒலி மற்றக் கருவிகளோடு கலக்கவில்லை. பெண் என்ற சொல்லை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. கவியரங்கம் ஒன்றில் என் கவிதையைக் கேட்டுவிட்டு, 'குரல் நல்லாத்தாம்மா இருக்கு, அரங்கத்தோட ஒட்டல' என்றார் ஒரு பெரியவர். அரங்கில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். எதோடு ஒட்டவில்லை என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இதில் கராயனை மீட்பராக்கிவிடவும் கூடாது. அந்தக் குழு தன் உறுப்பினரைத் தானே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். அது அருமையான உரிமை. அதை மீறித் தன் விருப்பத்தை நிறுவப் பார்த்தார் அவர். இரண்டு அதிகாரங்கள் மோதிக்கொண்டன. மோதிய களம் ஓர் இளம்பெண்ணின் மூச்சு. தினமும் தன்னை வேண்டாம் என்று சொன்னவர்களின் நடுவில் அமர்ந்து ஊதியது அவர்தான். கடைசியில் அவரே விலகினார்.

கிளாரினெட் ஒலி பெண்ணிடமிருந்து வந்தால் கலக்காதா? 1961இலேயே மிஷெல் ஸுகோவ்ஸ்கி பதினெட்டு வயதில் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கில் சேர்ந்துவிட்டார். அவர் ஓய்வுபெற்றது 2015இல். ஐம்பத்து நாலு ஆண்டுகள் கலந்துதான் இருந்தது. அங்கே முதன்மைக் கிளாரினெட் அவருடைய தந்தை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் எத்தனையோ பெண்களுக்குக் கதவு அப்பாவின் வழியாகத்தானே திறந்தது.

அப்பா இல்லாதவர்களுக்கு உதவியது ஒரு திரை. 1970களிலிருந்து அமெரிக்க இசைக்குழுக்கள் தேர்வாளருக்கும் வாசிப்பவருக்கும் இடையே திரை கட்டத் தொடங்கின. குதிகால் செருப்பின் சத்தம் காட்டிக்கொடுக்குமே என்று சிலர் தரையில் விரிப்பும் போட்டார்கள். 1970இல் அந்நாட்டின் தலையாய ஐந்து குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை; 1990களின் இறுதியில் நாலில் ஒரு பங்கு. திரை மட்டுமே காரணமல்ல, ஆனால் அதற்குப் பங்குண்டு. வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1997வரை பிடிவாதமாக இருந்தது. ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸ் அங்கே இருபத்தாறு ஆண்டுகள் உறுப்பினராகாமலே வாசித்துக்கொண்டிருந்தார்.

பெர்லினை விட்ட மாயர் தனிக்கலைஞரானார். அண்ணனோடும் கணவர் ரைனர் வேலெயோடும் மூவர் குழு அமைத்தார். 1993இல் லூபெக்கில் பேராசிரியரானார்.

கார்ல் நீல்சனின் கிளாரினெட் கான்செர்ட்டோவை அவர் வாசித்த இசைப்பதிவு ஒன்று இருக்கிறது. நடத்துபவர் சைமன் ராட்டில். உடன் வாசிப்பது பெர்லின் ஃபில்ஹார்மோனிக். வகுப்பில் அதை ஒலிக்கவிட்டு, முடிந்த பிறகுதான் பெயர்களைச் சொல்வேன்.