திருக்கதலீச்சுரம்: சீனத்தில் வாழ்ந்த நம்மவர்கள்

திருப்பாதிரிப்புலியூர்க்காரர்களுக்குப் பாதிரி மரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மரத்தின் பேரால்தான் ஊருக்கும் பெயர், பாடலீசுவரருக்கும் பெயர். சிதம்பரத்துக்குத் தில்லை மரம். பிச்சாவரம் உப்பங்கழியில் இன்றும் அதைப் பார்க்கலாம். இந்த வரிசையில் 'திருக்கதலீச்சுரம்' என்று ஒரு கோயிலைச் சொன்னால், கதலி என்றால் வாழையாயிற்றே, கொள்ளிடக் கரையில் எங்காவது இருக்கும் என்றுதான் நினைப்போம். அது இருந்தது சீனத்தின் சுவான்சௌ நகரத்தில்.

சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையில், தைவானுக்கு எதிரே இருக்கிறது சுவான்சௌ. பத்தாம் நூற்றாண்டில் அந்த நகரத்து மதிலைச் சுற்றி நிறைய மரங்கள் நட்டார்கள். அதனால் அதற்கு 'ச்சித்தோங்' என்று இன்னொரு பெயரும் வந்தது. அரபு வணிகர் வாயில் அது 'ஜைத்தூன்' ஆயிற்று. மார்க்கோ போலோ எழுதியதும் அந்தப் பெயரைத்தான். ச்சித்தோங் என்பது என்ன மரம் தெரியுமா? நம் வீட்டு வேலியில் நிற்கும் கல்யாண முருங்கை! சளி பிடித்தால் இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டிக் கொடுப்பார்களே, அதேதான். கப்பலை விட்டு இறங்கிய தமிழன் கண்ணில் முதலில் பட்டது நம் ஊர்ச் சிவப்புப் பூவாக இருந்திருக்கலாம்.

சோழர் காலத்தில் சீனத்துக்குத் தூது போனதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ராஜராஜன் அனுப்பிய 52 பேர் கொண்ட குழு 1,150 நாள் பயணத்துக்குப் பிறகு 1015-ல் சீன அரசவையை அடைந்தது. 1077-ல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் போனார்கள். அதே குலோத்துங்கனுக்குக் காம்போஜ அரசன் காட்சியாகக் கொடுத்த ஒரு கல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதாக 1114-ஆம் வருடத்துக் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. ஆனால் தூதர்கள் போனார்கள், பரிசு வாங்கினார்கள், திரும்பினார்கள். நான் சொல்ல வந்தது அங்கேயே தங்கிவிட்டவர்களைப் பற்றி.

ஏன் தங்கினார்கள்? காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்துப் போன கப்பல் கோடையில் சுவான்சௌவை அடையும். திரும்ப வேண்டுமானால் வடகிழக்குக் காற்று அடிக்க வேண்டும். அதுவரை பல மாதம் கரையில்தான் வாசம். கப்பல்காரர்களுக்கு மட்டுமல்ல, சீன அதிகாரிகளுக்கும் இந்தக் கவலை இருந்தது. ஊருக்கு வெளியே ஜியூரி என்ற குன்றில் ஏறி, வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்று அவர்களே வழிபாடு நடத்தினார்கள். 1174 முதல் 1266 வரை அதைப் பாறையில் வெட்டி வைத்ததும் இருக்கிறது. 1087-லேயே அங்கே கடல் வணிகத்துக்கென்று தனி அலுவலகம் திறந்தாயிற்று. வந்த சரக்கில் அரசுப் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மற்றதை விற்கலாம். அந்த அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த ஜாவ் ருகுவா 1225-ல் எழுதிய நூலில் சோழ நாட்டைப் பற்றி ஒரு பகுதியே உண்டு.

பல மாதம் தங்குகிறவனுக்கு வீடு வேண்டும். சில வருடம் தங்குகிறவனுக்குக் குடும்பம் வேண்டும். வெளிநாட்டார் வசித்த தெருவுக்கு 'அயலார் சந்து' என்ற பொருளில் பெயரே இருந்ததாக அக்காலத்துச் சீன நூல் ஒன்று சொல்கிறது. கறுப்பு நிறத்தவர், வெள்ளை நிறத்தவர் என்று இரு வகையாரும் அங்கே இருந்தார்களாம். கறுப்பு நிறத்தவரில் நம்மவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோயில் என்று ஒன்று எழும்பினால் அங்கே ஆட்கள் நிலைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வந்து போகிறவன் கோயில் கட்ட மாட்டான். பூசைக்கு ஆள் வேண்டும், பூ வேண்டும், எண்ணெய் வேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும். சக வருடம் 1203, அதாவது 1281-ல், சித்திரை மாதம் சித்திரை நட்சத்திரத்தில் சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை அங்கே எழுந்தருளச் செய்தார். அரசன் செகசை கானின் உடல்நலத்துக்காக, அவனுடைய பர்மான்படி இது நடந்ததாகக் கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கான், குப்ளாய் கான் என்பது அறிஞர் பலர் கருத்து. மங்கோலிய அரசன், பாரசீகச் சொல், தமிழ் எழுத்து, கல்லின் அடியில் ஒரு வரி சீனம்!

சம்பந்தப் பெருமாள் எந்த ஊர்க்காரர் என்று கல்லில் இல்லை. ஆனால் அந்தப் பேரைக் கேட்டால் சீர்காழி நினைவு வராதவர் நம் பக்கத்தில் யார்?

அந்த வருடத்தில் இன்னொரு பொருத்தமும் உண்டு. குப்ளாயின் தூதர் யாங் டிங்பி அதே சுவான்சௌவிலிருந்து கொல்லத்துக்குப் புறப்பட்டு, காற்று எதிராக அடித்ததால் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார். அவர்கள் தூதர் இங்கே கரையேறிய வருடத்தில் நம்மவர் அங்கே கோயில் கட்டிக்கொண்டிருந்தார்.

என் அண்ணன் மகள் குடும்பம் சில வருடம் குவாங்சௌ நகரில் இருந்தது. கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தொட்டியில் வளர்த்தாளாம். குளிர் வந்தால் பிள்ளையைத் தூக்குவது போல உள்ளே தூக்கி வைப்பாளாம். நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் பொங்கல் வைப்பார்கள். அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் திருக்கதலீச்சுரம் புரிந்த மாதிரி இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 1357-ல் அந்த நகரில் கலகம் மூண்டது. சுமார் பத்து வருடம் நடந்தது. அயல்நாட்டார் பலர் மாண்டார்கள், பலர் ஓடினார்கள். கோயில் இடிந்தது. கற்கள் மதிலுக்கும் வேறு கட்டடங்களுக்கும் போயின. கையுவான் என்ற புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துப் பின்புறம் இரண்டு தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மர் இருக்கிறார், கஜேந்திர மோட்சம் இருக்கிறது, கோபியர் சேலையைக் கவர்ந்த கண்ணனும் இருக்கிறான். லிங்கத்துக்கு யானை பூச்சொரியும் கல் ஒன்று அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு உடனே திருவானைக்கா நினைவு வரும். அருகே செடியன் என்ற ஊரில், நாலு கையுள்ள நம் தேவி ஒருத்தியைக் குவான்யின் என்று சொல்லி ஊரார் இன்றும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

பழைய மதில் இடிபட்டபோது சிதறிய கற்களைச் சேகரித்தவர் ஊ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். தமிழ்க் கல் 1956-ல் வெளிப்பட்டது. அந்த நகரில் அதைப் படிக்க ஆள் இல்லை. நம் கல்வெட்டறிஞர் தி. நா. சுப்பிரமணியன் எழுதிய கட்டுரை 1978-ல் வெளியானது. ஜப்பானியர் நொபொரு கராஷிமாவும் அதை ஆராய்ந்தார். 2021-ல் யுனெஸ்கோ சுவான்சௌவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

எனக்கு உறைப்பது இதுதான். கோயில் இடிந்தது கலகத்தில். ஆனால் எழுத்து மறந்தது எப்போது? 1281-க்கும் 1357-க்கும் இடையே மூன்று தலைமுறை. சம்பந்தப் பெருமாளின் பேரன் காலத்தவர்கள் அந்தக் கல்லை எழுத்துக்கூட்டிப் படித்தார்களா, அல்லது தாத்தா காலத்துக் கல் என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்களா? இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு வெளிநாட்டில் பேரன் பேத்தி இருப்பார்கள். எனக்கும் இருக்கிறான் ஒருவன். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காணொளியில் பேசும்போது இப்போது பத்து நிமிடம் எழுத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். போன வாரம் 'க' வரிசை முடிந்தது. இந்த வாரம் 'கதலி' என்று எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.