ஆணி அடிக்காத சுவர்

தாத்தாவின் கருமாதி முடிந்த வாரம், அவர் படத்தை மாட்ட ட்ரில்லோடு மாமா வீட்டுக்குப் போனேன். சிராங்கூன் ரோடு பக்கம், பழைய கடைவீட்டின் மேல்மாடி. பொறியியல் படித்தவனுக்கு ஒரு படம் மாட்டத் தெரியாதா? அழுத்தினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

"மேல சட்டம் இருக்குல்ல தம்பி, எதுக்குச் சுவத்த நோண்டுற?" என்றார் மாமா.

கூரைக்குச் சற்றுக் கீழே சுவர் நீளத்துக்கும் ஒரு மரப்பட்டி ஓடியது. அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். அதுதான் பிக்சர் ரெயில். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வீடுகளில் பரவலானது. அங்கே பல உட்சுவர்களில் மரக்கால்கள்மேல் மெல்லிய பட்டிகளை வரிசையாக அடித்துச் சுண்ணாம்புக் கலவை பூசுவார்கள். கலவை இடுக்குகளில் பிதுங்கி, பின்பக்கம் மடங்கி இறுகும். பூச்சு நிற்பது அந்தப் பிடியில்தான். கண்ட இடத்தில் ஆணி அடித்தால் பிடி உடைந்துவிடும். அதனால் ரெயிலை உள்ளிருக்கும் மரக்காலோடு சேர்த்து அடித்து, அதன் மேல்விளிம்பில் கொக்கி மாட்டி, கம்பியில் படத்தைத் தொங்கவிட்டார்கள்.

நம் கடைவீடுகளில் இருப்பது செங்கல் சுவர். செங்கல் இடுக்கில் மர ஆப்பு இறக்கி அதில் ஆணி அடிப்பது பழைய வழக்கம். 1910களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர் கெடாமல் மின்பொருள்களைப் பொருத்துவதற்காக ஜான் ராலிங்ஸ் நாரால் ஆன ஆப்பைக் கொண்டுவந்தார். இன்றைய பிளாஸ்டிக் பிளக் அதன் வாரிசு. மூன்றிலும் விதி ஒன்றே: பாரத்தைப் பூச்சு சுமக்கக் கூடாது.

அப்படியானால் பூச்சு வெறும் தோல்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. இதே ஊரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் இருக்கிறது. 1856இல் அடிக்கல், 1862இல் அர்ப்பணிப்பு. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். உள்சுவரில் அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் வெல்லமும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்ப்பார்கள். பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். கைதிகளை மேற்பார்த்த மெக்நாயர் 1899இல் வெளியான நூலில் இதைப் பதிவு செய்தார். 1825இல் பென்கூலனிலிருந்து வந்து இறங்கியவர்களோடு தொடங்கிய அந்தச் சிறை 1873இல் முடிந்தது. அதிகாரியின் பெயர் நூலில் நிற்கிறது. கல்லால் தேய்த்த கைகளில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

நான்கு வருடப் படிப்பில் சிமெண்டின் வலிமையைக் கணக்குப் போட்டிருக்கிறேன். சுண்ணாம்பைத் தொட்டதே இல்லை. அன்று உதிர்ந்த துண்டை விரலில் தேய்த்தேன், மாவாகப் போனது. குற்றம் சுவரில் இல்லை. அதிர்கிற ஹேமர் முறையில் ட்ரில் ஓட்டியவன் நான்.

அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன். ரெயிலை ஒட்டிச் சுவரை விரல் மொட்டால் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் பொத்தென்று கேட்டது, அங்கே பூச்சு செங்கலை விட்டிருந்தது. அந்த இடத்தை விட்டு, கெட்டியாகக் கேட்ட இடங்களில் மட்டும் ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளையிட்டேன். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போய் உட்கார்ந்தது. நீளமான திருகாணியால் ரெயிலை இறுக்கினேன். பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் அடைக்கவில்லை. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, சுற்றியுள்ள பழைய பூச்சும் கெடும். சுண்ணாம்பையே குழைத்து அடைத்தேன்.

தாத்தா இப்போது கம்பியில் லேசாக முன்னே சாய்ந்து தொங்குகிறார். "நம்மளப் பாக்குற மாதிரியே இருக்குப்பா," என்றார் மாமா. நான் சுண்ணாம்பு அடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் காயவில்லை.