ஆறு ஆட்டங்களின் தீர்ப்பு
சிகாகோ பிளாக் ஹாக்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 1966-67 பருவத்தில் தன் வரலாற்றில் முதன்முறையாகப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் ஆறு ஆட்டங்கள் நீண்ட அரையிறுதித் தொடரில் டொராண்டோவிடம் தோற்றது. ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள், பழிசுமக்க ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆறு ஆட்டங்களில் ஒரு புள்ளியும் (கோலோ, கோலுக்கான உதவியோ) எடுக்காத சிகாகோ வீரர் ஃபில் எஸ்போசிட்டோ வசமாகச் சிக்கினார். பருவம் முழுக்க அவர் சேர்த்த 61 புள்ளிகள் கணக்கில் வரவில்லை. 1967 மே மாதம் அவரையும் கென் ஹாட்ஜ், ஃபிரெட் ஸ்டான்ஃபீல்டு இருவரையும் பாஸ்டன் அணிக்குக் கொடுத்து, பிட் மார்ட்டின், ஜில் மரோட், ஜாக் நாரிஸ் ஆகியோரை வாங்கினார்கள். கடைசி இடத்தில் கிடந்த பாஸ்டன் 1970இலும் 1972இலும் லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

பாஸ்டனை உயர்த்தியது அந்த அணியின் இன்னொரு வீரரான பாபி ஓர் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாபி ஓர் ஆடிய முதல் பருவத்திலும் பாஸ்டன் கடைசி இடம்தான். 1970-71இல் எஸ்போசிட்டோ அடித்த 76 கோல்களுக்குப் பாபி ஓரின் துணை பெரிது. ஆனாலும் அவற்றை அடித்தவர் எஸ்போசிட்டோ. மார்ட்டின் சிகாகோவில் பத்தாண்டுகள் நன்றாகவே ஆடினார் என்பதும் உண்மை. மரோட்டும் தற்காப்பில் உடல் வலுவுடன் மோதக்கூடிய இளைஞர். வாங்கப்பட்டவர்கள் சோடையில்லை. கொடுக்கப்பட்டவரை எடைபோட்ட அளவுகோல்தான் கோளாறு: ஒரு தோல்வித் தொடரை வைத்து ஒருவரின் திறமையை முடிவுகட்டினார்கள். 1961இல் கோப்பை வென்ற சிகாகோ, 1971, 1973 இறுதிச் சுற்றுகளில் மான்ட்ரியாலிடம் தோற்றது. அடுத்த கோப்பை 2010இல்தான் கிடைத்தது.