பூஞ்சணம் பூத்த புல்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளுகிறவர் ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால், அவரைப் பார்க்க வருகிற உறவினர்களில் பாதிப்பேர் அன்று ஒரு நாழிகைப் பொழுதுக்காவது வைத்தியர்களாகிவிடுவது நம் பக்கத்து வழக்கம். பூண்டைப் பாலில் வேகவைத்து உண்டால் போதுமே என்பார் ஒருவர். இஞ்சிச் சாறே சிலாக்கியம் என்பார் இன்னொருவர். வெளிநாட்டிலிருந்து வந்தவராயின் மீன் எண்ணெய்க் குளிகையையோ ஜிங்கோ இலைச் சத்தையோ பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைப்பார். எல்லோரும் பேசி ஓய்ந்தபின், “அது எலிக்கு வைக்கிற பாஷாணமாமே, அதையா தின்கிறீர்கள்?” என்று ஒரு பெரியவர் கேட்டு வைப்பார்; மாத்திரை உண்பவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். பெரியவர் சொன்னதில் பொய் இல்லை. வார்ஃபரின் என்னும் அந்த மருந்து மனிதனிடம் வருவதற்கு முன் எலியிடந்தான் போயிற்று. ஆனால் எலிக்கும் முன்பே அதன் மூதாதை மாட்டிடம் போயிருந்தது என்பதையும், மாட்டுக்கு அதை ஊட்டியது எந்த ரசாயனசாலையும் அன்று, மழையில் நனைந்து கெட்ட புல்தான் என்பதையும் அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா ராஜ்யத்திலும் பரந்த புல்வெளிகளை உழுது குடியேறிய விவசாயிகள், ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்வீட் குளோவர் என்னும் தீவனச் செடியைப் பெரிதும் நம்பியிருந்தார்கள். நம் வெந்தயச் செடிக்குப் பங்காளி முறையாகிற இச்செடி, வறண்ட நிலத்திலும் முளைக்கும், கடுங்குளிரையும் தாங்கும், மண்ணுக்கு உரமும் சேர்க்கும். அறுத்து வெயிலில் உலர்த்தினால் அதிலிருந்து எழுகிற இனிய மணத்துக்கு, கூமரின் என்ற பொருள் காரணம். மணம் இனிதே தவிர, கூமரின் நாவுக்குக் கசப்பு. ஆகவே மாடுகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பிறகு பழகிக்கொள்ளும்.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஈரம் மிகுந்த பருவங்களில் அறுத்த புல் சரிவர உலராமல் போரிலேயே பூஞ்சணம் பிடித்தது. செல்வம் செழித்த காலமாயிருந்தால் அதைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள். கையிலே காசில்லாத காலமாதலால் மாட்டுக்கே போட்டார்கள். அப்போதுதான் அந்த விபரீதம் தொடங்கியது. கொம்பை அறுத்த இடத்திலிருந்து வழிந்த இரத்தம் நிற்கவேயில்லை. கொம்பறுத்த 22 பசுக்களில் 21 மாண்டன. காயடித்த 25 காளைக் கன்றுகளில் 12 மாண்டன. காயமே படாத மாடுகளும், தோலுக்கடியில் இரத்தம் கட்டி வீங்கி, நின்ற இடத்திலேயே சரிந்தன. தொற்று நோய் என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

தொற்று அன்று என்று கண்டவர், அப்போது ஒண்டாரியோ கால்நடை வைத்தியக் கல்லூரியில் இருந்த பிராங்க் ஸ்கோஃபீல்டு. இவருடைய ஜீவிய சரித்திரம் தனியாக ஒரு நூலுக்குக் காணும். கொரியாவில் பாதிரிமாரோடு ஊழியஞ் செய்யப் போனவர், 1919-ஆம் ஆண்டு அந்நாட்டு மக்கள் ஜப்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தபோது, ஊனமுற்ற காலோடு ஊர் ஊராகச் சென்று, நடந்த கொடுமைகளைப் புகைப்படம் பிடித்து உலகுக்குக் காட்டியவர். இன்று அவர் துயில்வதும் சியோல் நகரத்துத் தேசிய மயானத்தில்தான். அத்தகைய மனிதருக்கு, மாட்டுத் தொழுவத்தில் நடப்பதைக் கண்ணால் கண்டு சாட்சி சொல்வது புதிய வேலையாக இருந்திராது. அவர் செய்த பரிசோதனையின் எளிமையை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளை ஒரு புறமும் பூஞ்சணம் பிடித்த தண்டுகளை ஒரு புறமுமாகப் பிரித்தெடுத்து, இரண்டையும் இரண்டு முயல்களுக்கு ஊட்டினார். நல்ல புல் தின்ற முயல் சுகமாக இருந்தது. கெட்ட புல் தின்ற முயல் உள்ளே இரத்தம் கசிந்து செத்தது. கிருமியின் பேச்சு அத்தோடு முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து வடக்கு டகோட்டாவில் லீ ரோடரிக் என்பவர், இந்த மாடுகளின் இரத்தத்தில் உறைவதற்கு வேண்டிய புரோத்ராம்பின் என்னும் பொருள் குறைந்திருப்பதைக் காட்டினார். பரிகாரமும் சொல்லப்பட்டது: கெட்ட புல்லைப் போடாதே, அல்லது நல்ல மாட்டின் இரத்தத்தை நோயுற்ற மாட்டுக்கு ஏற்று. இரண்டுக்கும் பணம் வேண்டும் என்பதை மட்டும் பரிகாரம் சொன்னவர்கள் கணக்கில் வைக்கவில்லை.

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, விஸ்கான்சின் ராஜ்யத்தில் டீர் பார்க் என்னும் ஊரிலிருந்து எட் கார்ல்சன் என்ற விவசாயி, பனிப்புயலில் 190 மைல் வண்டியோட்டிக்கொண்டு மாடிசன் நகரத்துக்கு வந்தார். வண்டியிலே செத்த கிடாரி ஒன்று, உறையாத இரத்தம் நிறைந்த பால் கேன் ஒன்று, கெட்டுப்போன குளோவர் சுமார் 100 ராத்தல். சர்க்கார் கால்நடை வைத்தியரைப் பார்க்கத்தான் வந்தார். விடுமுறை நாளாதலால் அவ்விடம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு, பல்கலைக்கழகத்து உயிர் ரசாயனப் பேராசிரியர் கார்ல் பால் லிங்க் என்பவருடைய பரிசோதனைச் சாலையின் கதவு. கசப்பில்லாத குளோவர் வகையை உண்டாக்க முயன்ற தாவர நிபுணர்கள் அந்த லிங்கைத் தங்கள் ஆராய்ச்சிக்குத் துணையாக ஏற்கனவே அழைத்திருந்தனர் என்பது, கதையில் வந்தால் நாம் நம்ப மறுக்கக்கூடிய தற்செயல். இருந்தும் லிங்கால் அன்று சொல்ல முடிந்தது பழைய இரண்டு பரிகாரங்களே. அவற்றைக் கேட்டுக்கொண்டு கார்ல்சன் மீண்டும் அதே புயலில் வீடு திரும்பினார். இரத்தமும் புல்லும் ஆய்வுசாலையில் தங்கிவிட்டன. அவரது மாடுகளுக்கு என்ன ஆறுதல் கிடைத்ததோ, விஞ்ஞானத்துக்கு ஆறு ஆண்டு வேலை கிடைத்தது.

1939 ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலையில், லிங்கின் சீடர்களில் ஒருவரான ஹரோல்டு காம்ப்பெல், கெட்ட புல்லின் விஷத்தைப் படிகமாகக் கண்டார். கையில் கிடைத்தது 6 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்குக்கூடக் காணாது. மறு ஆண்டு அதன் அமைப்பும் தெளிவாயிற்று: இரண்டு கூமரின் அணுத்திரள்கள் ஒன்றோடொன்று கோத்த உருவம். டைகூமரால் என்று பெயரிட்டார்கள். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கூமரின் தன்னளவில் இரத்தம் உறைவதைத் தடுப்பதில்லை. பூஞ்சணம் வந்து அதை மாற்றியமைத்த பிறகே அது விஷமாயிற்று. ஆனால் இன்றும் மூலிகை விற்பவர்களின் பிரசுரங்களில், கூமரின் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் எத்தனையோ இலைகளும் வேர்களும் ‘இரத்தத்தை இளக்குபவை’ என்ற பட்டத்தோடு உலாவுகின்றன. இளகுகிறது என்ற சொல்லும் பொருந்தாது. இரத்தம் நீர்த்துப் போவதில்லை, உறைய எடுத்துக்கொள்ளும் நேரமே நீளுகிறது.

அதே 1939-இல் மற்றோர் அதிசயமும் நிகழ்ந்தது. டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீனி தின்ற கோழிக்குஞ்சுகள் இரத்தம் கசிந்து சாவதைக் கண்டு, இரத்தம் உறைவதற்கு உணவில் வேண்டியிருந்த பொருளுக்கு வைட்டமின் கே என்று பெயரிட்டிருந்தார். அந்த வைட்டமினின் முதல் வகையை அவ்வாண்டு பிரித்தெடுத்தது குதிரைமசாலிலிருந்து. அதாவது குளோவருக்கு மிக நெருங்கிய மற்றொரு தீவனச் செடியிலிருந்து. இரண்டாம் வகை கிடைத்தது அழுகிய மீன்தூளில். விஷமும் முறிவும் ஒரே ஆண்டில், ஒரே செடிக்குடும்பத்திலிருந்து வெளிப்பட்டன. ஒன்றை அழுகல் விஷமாக்கியது, மற்றொன்றை அழுகலே ஈன்றது. இயற்கை நல்லது, செயற்கை கெட்டது என்று இரண்டு பெட்டிகளில் உலகத்தைப் பிரித்து வைப்போர் இந்தப் பொருள்களை எந்தப் பெட்டியில் வைப்பார்களோ தெரியவில்லை.

இரத்தம் உறைவதைத் தடுக்க ஊசியில் ஏற்றும் ஹெப்பரின் என்னும் மருந்தும் இயற்கையிலிருந்து வந்த இதே ஜாதிதான். 1916-இல் அமெரிக்காவில் ஜே மக்லீன் என்ற மாணவர் நாயின் ஈரலில் கண்ட சத்தின் வழியில் தோன்றி, பிற்காலத்தில் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்பட்டது அது. அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸுச்ருதர் தம் சம்ஹிதையில் பன்னிரண்டு வகை அட்டைகளைக் கூறி, ஆறு விஷமுள்ளவை, ஆறு விஷமற்றவை என்று பிரித்திருக்கிறார். நம் சித்த வைத்தியர்களும் அட்டை விடுவதை அறிந்தவர்கள். கடித்த இடத்தில் இரத்தம் ஏன் உறையாமல் ஒழுகுகிறது என்பதை 1884-இல் ஹேகிராஃப்ட் என்ற ஆராய்ச்சியாளர் விளக்கினார்: அட்டையின் வாய்நீரில் ஒரு பொருள் இருக்கிறது. நம் வயல் வரப்புகளில் கிடக்கும் சுருட்டை விரியனின் விஷத்தைப் பார்த்து உருவாக்கிய டிரோஃபிபான் என்ற மருந்து, மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கப்படுகிறது.

எலிக்கதைக்கு வருவோம். 1945-இல் நுரையீரல் நோயுற்றுச் சிகிச்சை இல்லத்தில் மாதக்கணக்காகப் படுத்திருந்த லிங்க், பொழுது போக்க எலிகளைக் கொல்லும் முறைகளின் சரித்திரத்தைப் படித்தார். நோயாளிகள் புராணம் படிப்பதை விட இது விசித்திரம். டைகூமராலைவிடத் தீவிரமானதாகத் தம் பட்டியலில் 42-ஆம் எண்ணுடன் இருந்த பொருளை அவர் தேர்ந்தெடுத்தார். ஆராய்ச்சிக்குப் பணம் அளித்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஸ்தாபனத்தின் ஆங்கில முதலெழுத்துக்களோடு கூமரினின் வாலை ஒட்டி, வார்ஃபரின் என்று நாமகரணம் ஆயிற்று. 1948-இல் எலி மருந்தாக அங்காடிக்கு வந்தது. விளைவு உடனே தெரியாமல் சில நாள் கழித்துத் தெரிவதால், தந்திரசாலியான எலியும் சந்தேகப்படுவதில்லை. 1951-இல் அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சாகவேண்டுமென்று இதையே 567 மில்லிகிராம் உட்கொண்டார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்தெழுந்தார். முறிவு இருக்கிற விஷத்தைக் கண்டு மனிதன் அஞ்ச வேண்டியதில்லை என்று வைத்தியர்களுக்குத் துணிவு பிறந்தது. 1954-இல் மனிதர்க்கு உரிய மருந்தாக அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

இந்தச் சரித்திரத்தில் புல்லை மருந்தாக்கியது எது என்று கேட்டால், படிகம் ஒரு பாதிதான் என்பேன். மறு பாதி அளவு. 1935-இல் ஆர்மாண்ட் குவிக் என்பவர், இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிடும் பரிசோதனையை ஏற்படுத்தினார். அதற்கு வேண்டிய திசுச்சத்து, முயல் மூளை முதலியவற்றிலிருந்து எடுக்கப்பட்டதால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபட்டது. ஒரே இரத்தம் ஒரு நகரில் ஓர் எண்ணும் மறு நகரில் வேறோர் எண்ணும் காட்டியது. உணர்திறன் குறைந்த சத்தைப் பயன்படுத்திய அமெரிக்காவில், பிரிட்டனில் கொடுத்ததைவிட அதிக மருந்தைக் கொடுத்து, அதிகமாக இரத்தம் கசியச் செய்தார்கள். 1983-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஐ.என்.ஆர். என்ற பொது அளவை வகுத்த பிறகே இந்தக் குழப்பம் ஓய்ந்தது. பெரும்பாலோர்க்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீழே போனால் உறைகட்டி, மேலே போனால் இரத்தப்போக்கு.

பூண்டுக்கும் இஞ்சிக்கும் இப்படி ஓர் எண் கிடையாது. அவற்றில் வீரியம் இல்லை என்பதன்று; 1984-இல் எரிக் பிளாக் என்ற ரசாயன நிபுணர் பூண்டில் அஹோயீன் என்ற பொருளைக் கண்டு, அது இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பதையும் காட்டினார். மீன் எண்ணெயும் ஜிங்கோவும் தொடுவது அந்தத் தட்டணுக்களைத்தான். வைட்டமின் கே-யின் வழியை அவை அடைப்பதில்லை. ஆகையால் துடிப்புத் தவறிய இதயத்துக்கோ உலோக வால்வுக்கோ வார்ஃபரினுக்குப் பதிலாக அவை நிற்கமாட்டா; வார்ஃபரினோடு கூடினால் மட்டும் இரத்தம் கசியும் வாய்ப்பைக் கூட்டும். எந்தக் குளிகையில் எவ்வளவு சத்து என்பதும் நிச்சயமில்லை. 1994-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், இத்தகைய துணையுணவுகளை விற்குமுன் பயனை நிரூபிக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டது.

ஜப்பானியர் காலையில் உண்ணும் நாட்டோ, புளிக்கவைத்த சோயா. 1980-இல் சூமி என்ற ஆராய்ச்சியாளர் அதைக் கண்ணாடித் தட்டில் இரத்த உறைநார்மேல் வைத்தார், நார் கரைந்தது. நாட்டோகைனேஸ் என்ற பெயரில் அது குளிகையாகி உலகெங்கும் விற்பனையாகிறது. தட்டில் கரைத்தது வயிற்றைத் தாண்டி இரத்தக் குழாயிலும் கரைக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் அதே நாட்டோவில் வைட்டமின் கே மிகுதியாக இருப்பதால், வார்ஃபரின் உண்போர் அதைத் தொடவே கூடாது என்று ஜப்பானிய வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.

நம் நாட்டில் மூட்டுவலிக் காய்ச்சலால் இளமையிலேயே இதய வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் மிகப் பலர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் ஸ்தாபனம் உருவாக்கிய வால்வு 1990-இல் முதன்முதலாக மனிதர்க்குப் பொருத்தப்பட்டது. இப்படி உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களெல்லாம் வார்ஃபரினையோ அதன் சகோதரமான நிகூமலோனையோ ஆயுள் முழுதும் உண்கிறார்கள். ‘கீரை தின்னலாமா?’ என்பதே அவர்கள் முதலில் கேட்பது. விலக்க வேண்டாம், வாரம் இருமுறை முருங்கைக்கீரை என்றால் எப்போதும் இருமுறையே இருக்கட்டும் என்பது அறிந்த வைத்தியர் தரும் விடை. அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். பூண்டுக் குளிகையையும்தான், அது உண்பதை நோயாளி சொல்லியிருந்தால். ஸ்வீட் குளோவர் இன்றும் விளையும் வடக்கு டகோட்டாவில், கொம்பறுக்கவும் காயடிக்கவும் போகிற மாட்டுக்கு, இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே அந்தப் புல்லைப் போடாதீர்கள் என்று கால்நடை வைத்தியர்கள் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.