குடலுக்கு வழி தெரிந்த அணுக்கள்

நண்பர் ஒருவரின் மகனுக்குப் பெருங்குடலில் தீராத புண். வெடோலிசுமாப் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். "குடலில் மட்டும்தான் வேலை செய்யுமாம், ரத்தத்தில் ஏற்றும் மருந்துக்கு அது எப்படி சார் முடியும்?" என்று கேட்டார். ஓய்வுக்குப் பிறகு எனக்கு இதெல்லாம் தேடிப் படிக்க நேரம் உண்டு. படித்ததைச் சொல்கிறேன்.

1950களில் லிம்போசைட் என்னும் வெள்ளை அணு ஒரு புதிர். மார்புக்குள் இருக்கும் நிணநீர்க் குழாய் வழியாக அவை ஓயாமல் ரத்தத்தில் வந்து சேருகின்றன. ஆனால் ரத்தத்தில் எண்ணிக்கை கூடுவதில்லை. அப்படியானால் எங்கே போகின்றன? ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளின் அந்தக் குழாயிலிருந்து நிணநீரை வெளியே வடித்தார். சில நாட்களில் அணுக்கள் வெகுவாகக் குறைந்தன. வடித்த அணுக்களை ரத்தத்தில் திரும்பச் செலுத்தியபோது வரத்து குறையவில்லை. அவை சாகவில்லை, சுற்றி வருகின்றன என்று 1959இல் எழுதினார். 1964இல் இன்னொன்றும் தெரிந்தது: பெரிய லிம்போசைட்டுகள் பல குடல் சுவருக்கே போய்ச் சேர்ந்தன.

யார் வழி காட்டியது? 1976இல் ஸ்டாம்பர், உட்ரஃப் இருவரும் உறையவைத்த நிணநீர்க் கணுவை மெல்லிசாகச் சீவி, அதன்மேல் லிம்போசைட்டுகளை விட்டார்கள். ஒரு வகைச் சிறு ரத்தக்குழாயின் உட்சுவரில் மட்டும் அவை ஒட்டிக்கொண்டன. பிறகு, 1980களில், ஸ்டான்ஃபோர்டில் யூஜின் புட்சரின் குழு குடலின் ரத்தக்குழாய்களில் மேட்கேம் என்ற மூலக்கூறைக் கண்டது. லிம்போசைட்டின் மேலுள்ள ஆல்ஃபா4பீட்டா7 அதைப் பற்றிக்கொள்கிறது. குடலோரத்தில் கிருமியைச் சந்தித்த அணுவுக்கு இந்தப் பிடி கிடைக்கிறது. அதனால் ரத்தத்தில் எங்கே சுற்றினாலும் குடலில் வந்து இறங்கிவிடுகிறது.

இதில் ஓர் ஆபத்தான பாடமும் உண்டு. 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நடாலிசுமாப், ஆல்ஃபா4 பகுதி முழுவதையும் அடைத்தது. மூளைக்குள் நுழையும் அணுக்களுக்கும் அதே ஆல்ஃபா4தான் பிடி. காவல் குறைந்த மூளையில் ஜேசி வைரஸ் தலைதூக்கி, நோயாளிகள் சிலர் இறந்தார்கள். 2005 பிப்ரவரியில் விற்பனை நின்றது. மறு வருடம் கடும் நிபந்தனைகளோடுதான் திரும்பி வந்தது. 2014இல் வந்த வெடோலிசுமாப், ஆல்ஃபா4பீட்டா7 ஜோடியை மட்டும் மறிக்கிறது. மூளைக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது.

கோவன்ஸ் குடல் நோய்க்கு மருந்து தேடவில்லை. அணுக்கள் எங்கே போகின்றன என்றுதான் கேட்டார். அவருடைய எலிகளுக்கும் இந்த மருந்துக்கும் நடுவே 55 வருடங்கள்.