ஏற்காட்டைக் கண்டுபிடித்தவர் யார்?

தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் குடியிருந்து, பயிர் செய்து, சாமி கும்பிட்டு, கல்யாணம் கார்த்திகை நடத்திக்கொண்டிருக்கும் ஓர் இடத்தை வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ‘கண்டுபிடிப்பது’ என்பது சரித்திரத்தில் அடிக்கடி நடக்கும் அதிசயம். 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் தீவுகளைக் கண்டுபிடித்தது இந்த மாதிரிதான். கரையில் நின்று வேடிக்கை பார்த்த தீவுவாசிகளுக்கு, அதுவரையில் தாங்கள் காணாமல் போயிருந்த விஷயமே அன்றைக்குத்தான் தெரிந்தது!

தீவுகளுக்கு மட்டுமல்ல, மலைகளுக்கும் இந்தக் கதி உண்டு. யோசித்துப் பார்த்தால் மலையும் ஒருவிதத் தீவுதான். மழைக்காலத்து விடியற்காலையில் ஏற்காட்டு மலையின் விளிம்பில் நின்று பாருங்கள். கீழே சேலம் நகரம் இருந்த இடமே தெரியாது. வெள்ளை வெளேரென்று மேகம் அலை அலையாகப் புரண்டுகொண்டிருக்கும். நாமோ ஒரு பச்சைத் தீவின் கரையில் நிற்போம். அந்தத் தீவுக்கு வந்துபோகும் பிரயாணிகள் பார்ப்பது என்ன, வாங்குவது என்ன, தின்பது என்ன என்று ஆராய்ந்துகொண்டு போனால் அதுவே ஒரு சரித்திரமாகிவிடுகிறது.

முதலில் கண்டுபிடித்தவர் விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். சுற்றுலாக் குறிப்புகள் சிலவற்றில், சென்னைக் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ 1842-ஆம் ஆண்டில் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் எழுதி, அதைப் பார்த்து இன்னொன்றில் எழுதி, அது இப்போது அசைக்க முடியாத உண்மையைப் போல் உட்கார்ந்துவிட்டது. இதில் ஒரே ஒரு சங்கடம் இருக்கிறது. மன்றோ துரை 1827-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பட்டிகொண்டா என்ற ஊரில் வாந்திபேதி கண்டு இறந்துபோனார். பதினைந்து வருஷம் கழித்து அவருடைய ஆவி வந்து மலையைக் கண்டுபிடித்தது என்று வைத்துக்கொண்டாலொழியக் கணக்கு சரிப்படாது.

மன்றோவுக்கும் இந்தச் சீமைக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. மூன்றாவது மைசூர் யுத்தத்தில் தோற்ற திப்பு சுல்தான், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி பாராமகாலையும் சேலத்தையும் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் புதுச் சீமையை நிர்வாகம் செய்ய வந்தவர் அலெக்ஸாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளராக 1799 வரையில் வேலை பார்த்த இளைஞர்தான் மன்றோ. வயல் வயலாக அளந்து வரி போடும் ரயத்துவாரி முறையை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். அவர் கவனமெல்லாம் சமவெளியில் விளைந்த நெல்லிலும் கம்பிலும் இருந்தது. மலைமேல் உட்கார்ந்து காற்று வாங்கும் யோசனை அடுத்து வந்தவர்களுக்குத்தான் உதித்தது.

அப்படி வந்தவர் எம். டி. காக்பர்ன். 1820 முதல் 1829 வரையில் சேலம் ஜில்லா கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். ஏறத்தாழ அதே காலத்தில்தான் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஸல்லிவன் நீலகிரியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் கலெக்டர் உத்தியோகத்துக்கு மலை ஒன்றும் இலவச இணைப்பாக வந்தது போலும்! காக்பர்ன் சும்மா இருக்கவில்லை. காப்பிச் செடியைக் கொண்டுவந்து கிரேஞ்ச் தோட்டத்தில் பயிராக்கினார். ஆரஞ்சு, ஆப்பிள், பேரிக்காய் மரங்களையும் வைத்துப் பார்த்தார். கோட்டை மாதிரித் தோற்றம் கொண்ட கிரேஞ்ச் பங்களாவில், 1857-ஆம் வருஷத்துச் சிப்பாய்க் கலகத்தின்போது பீரங்கி ஏற்றி வைத்திருந்ததாகச் சொல்வார்கள். காக்பர்ன் குடும்பம் பிற்பாடு நீலகிரியில் கோத்தகிரிக்குப் போய்விட்டது. 1829-ல் சேலத்தில் பிறந்த அவருடைய மகள் மார்கரெட், கோத்தகிரியில் இருந்துகொண்டு நீலகிரிப் பறவைகளை அழகழகாகச் சித்திரம் தீட்டினாள். ஏற்காட்டில் மிஞ்சியது காப்பி.

காப்பி வந்தது, தோட்டக்காரர்கள் வந்தார்கள். 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ரயில் சேலத்தைத் தொட்டுக்கொண்டு மேற்குக் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தது. அதன் பிறகு மலையேற வருவோர் தொகை கூடிற்று. 1894-ல் சேக்ரட் ஹார்ட் கான்வென்டும், 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கூடமும் ஏற்பட்டன. குழந்தைகளைப் பள்ளியில் விட வந்த பெற்றோர்கள் நாலு நாள் தங்கி ஏரிக்கரையில் உலாவிவிட்டுப் போனார்கள். இப்படியாக ஒரு மலை ‘கோடை வாசஸ்தலம்’ ஆயிற்று.

கோடை வாசஸ்தலம் என்றால் பார்க்கத்தக்க இடங்கள் வேண்டும் அல்லவா? பார்க்கத்தக்க இடங்களுக்குப் பெயர் வேண்டும் அல்லவா? ஒரு பாறைக்கு லேடீஸ் சீட் என்று பெயர் வைத்தார்கள். யாரோ ஒரு துரைசானி அந்திவேளையில் அங்கே உட்கார்ந்து சேலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். சீமாட்டிக்கு ஆசனம் போட்டால் கனவானுக்குப் போடாமல் இருக்கலாமா? பக்கத்திலேயே ஜென்ட்ஸ் சீட். பிள்ளைகள் அழுமே என்று சில்ட்ரன்ஸ் சீட். ஒரு முழுக் குடும்பமும் வசதியாக உட்கார்ந்துவிட்டது!

கிழக்கே பகோடா பாயின்ட் என்று ஓர் இடம். மலைவாசிகள் கூம்பு கூம்பாகக் கல்லை அடுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு அவை பகோடாக்களாகத் தெரிந்தன. கல்லை அடுக்கியவர்கள் அதை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது எந்தப் பிரயாணக் குறிப்பிலும் கண்ணில் படுவதில்லை. அடுக்கியவன் பெயர் வைக்கவில்லை. பார்த்தவன் பெயர் வைத்தான். சுற்றுலா ஸ்தலங்களின் சரித்திரமே இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

ஆனால் இரண்டு பெயர்களை மட்டும் துரைமார்களால் அசைக்க முடியவில்லை. ஒன்று ஊரின் பெயர். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். மற்றொன்று மலையின் பெயர். அவர்கள் ‘ஷெவராய் ஹில்ஸ்’ என்று நாக்கைச் சுழற்றிச் சொன்னது வேறு யாரையும் அல்ல. மலை உச்சியில் 5,300 அடிக்கு மேலே, ஒரு குகைக்குள் காவேரியம்மனுடன் எழுந்தருளியிருக்கும் சேர்வராயன் சாமியைத்தான்.

இந்தச் சாமியின் குடிகள் யார்? மலையாளிகள். கேரளத்தாரோடு இவர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் ஆகையால் மலையாளிகள்; பேசுவது தமிழ். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்ற தெய்வத்தைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் என்பது அவர்களுடைய ஐதிகம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். அவர்கள் பிரிந்து சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்ற மூன்று மலைகளில் குடியேறினார்களாம். 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் பெரிய நூலிலும் இந்தக் கதை இருக்கிறது. சேர்வராயன் மலையை அவர்கள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரித்து, நாட்டுக்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஒரு மூப்பன் என்று வைத்து நிர்வாகம் செய்துவந்தார்கள். ஆகவே, ‘கண்டுபிடிக்கப்பட்ட’ நாளில் இந்த மலையில் ஜனங்கள் இருந்தார்கள், நாடு இருந்தது, நியாயம் சொல்ல ஆள் இருந்தார், கும்பிடத் தெய்வமும் இருந்தது. இல்லாதிருந்தது காப்பி ஒன்றுதான்.

அந்தக் காப்பிக்காகக் காட்டைத் திருத்தித் தோட்டங்கள் பெருகியபோது, மலையாளிகள் பலர் தங்கள் மலையிலேயே கூலிகளானார்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்த சரிவுகள் பலவற்றில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் நிழலுக்காக நிமிர்ந்து நின்றன. அந்த மரங்களைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி ஏறிற்று.

இனி, கடைவீதிக்கு வருவோம். ஏற்காட்டுக்கு வந்தவர்கள் காப்பித்தூளும் மிளகும் தேனும் யூகலிப்டஸ் தைலமும் வாங்காமல் மலையிறங்குவது அபூர்வம். “தோட்டத்துக் காப்பி, நேரே தோட்டத்திலிருந்து” என்று கடைக்காரர் சொல்லும்போது, அது நூறு வருஷத்து வழக்கம் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அது நேற்று வந்த சுதந்திரம். 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி, தோட்டக்காரர் விளைந்த காப்பியைப் பொதுத் தொகுப்பில் காப்பி போர்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்; அவ்வளவுதான். காப்பி போர்டு ஏலம் போட்டு விற்று, பிறகு தவணை தவணையாகப் பணம் கொடுக்கும். யுத்த காலத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது விவசாயியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு இது. யுத்தம் முடிந்தும் ஏற்பாடு முடியவில்லை. 1990-களில்தான் படிப்படியாகத் தளர்ந்து நீங்கியது. அதாவது, அரை நூற்றாண்டு காலம் காப்பிச் செடிகளுக்கு நடுவே குடியிருந்தவன், பிரயாணிக்கு ஒரு படி கொட்டையைத் தன்னிஷ்டப்படி விற்க முடியாது! இன்று மலையாளிகளிலும் சிலர் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று காப்பியும் மிளகும் சொந்தமாகப் பயிரிடுகிறார்கள். காக்பர்ன் துரை கொண்டுவந்த செடி, சுற்றி வளைத்துக்கொண்டு ஒருவாறு மலைக்காரன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சாப்பாட்டு விஷயமும் இப்படித்தான். துரைமார் காலத்தில் பங்களாவில் பட்லர் சமையல். பின்னால் நம் மத்தியதரக் குடும்பங்கள் வந்தபோது, புளியோதரையும் தயிர்சாதமும் தூக்குப் பாத்திரத்தில் கூடவே வந்தன. இப்போது ஏரிக்கரையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி கிடைக்கிறது. குளிருக்கு அதற்கு ஈடு கிடையாது என்பது என் அபிப்பிராயம். மலையடிவாரத்தில் சேலத்துத் தட்டுவடை செட் இருக்கவே இருக்கிறது. ஆனால் மலையில் விளைந்த சாமைச் சோற்றையும் கேழ்வரகுக் களியையும் வெகுகாலம் எந்தப் பிரயாணியும் கேட்டுச் சாப்பிட்டதில்லை. அது ஏழை தின்கிற பண்டம். இன்று டாக்டர்கள் சிபாரிசின் பேரில் அதே சாமை ‘சிறுதானியம்’ என்ற பட்டம் பெற்று, அழகான பையில் புகுந்து, நகரத்துக் கடைகளில் விலை உயர்ந்து நிற்கிறது. தானியத்தையும் ஒருவர் வந்து கண்டுபிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது!

ஏற்காட்டுக்கு ஏற இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறதே, அந்தப் பக்கமாக இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போவது. டி. ஆர். சுந்தரம் 1930-களில் அடிவாரத்தில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில்தான் 1956-ல் தமிழின் முதல் வர்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தயாரானது. ஸ்டூடியோ மறைந்தது, வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்னொரு பாதை குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக வருவது. முன்னதில் மலை நம்மை வரவேற்கிறது. பின்னதில் மலை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கொட்டச்சேட்டுத் தேக்குக் காட்டைப் பார்த்துவிட்டு, அந்த ஊர் டீக்கடையில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மலையாளிப் பெரியவர் ஒருவர். பேச்சுக் கொடுக்கலாம் என்று, “பெரியவரே! இந்த மலையிலே முக்கியமாகப் பார்க்க வேண்டியது என்ன?” என்று கேட்டேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நீங்க யாரைப் பாக்க வந்தீங்க, சாமி?” என்றார்.

அவர் பரிகாசம் செய்யவில்லை. ஓர் ஊருக்குப் போவதென்றால் அங்கே யாரையாவது பார்க்கத்தான் போவார்கள் என்பது அவருடைய எண்ணம். எதையாவது பார்ப்பதற்காகப் போகிறவர்களும் உண்டு என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. தினமும் அவர்கள் மோட்டாரில் போவதைப் பார்க்கிறார். அது ஒரு காரியமாக அவருக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

மே மாதத்தில் இந்த மலையில் இரண்டு திருவிழாக்கள் நடக்கின்றன. ஒன்று சர்க்கார் நடத்தும் கோடை விழா. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி எல்லாம் உண்டு. கூட்டம் தாங்காமல், அந்த நாட்களில் வண்டிகளைச் சேலம் பாதையில் ஏறவிட்டுக் குப்பனூர்ப் பாதையில் இறக்குவார்கள். ஆகவே, வருஷத்தில் சில நாள் பிரயாணிகள் அத்தனை பேரும் தங்களை அறியாமலே கொட்டச்சேட்டைத் தரிசித்துவிடுகிறார்கள். மற்றது சேர்வராயன் கோயில் திருவிழா. சுற்றுவட்டாரத்து மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் மலையாளிகள் குடும்பம் குடும்பமாக உச்சிக்கு ஏறி வருகிறார்கள். அவர்களுக்கு அன்றைக்குப் பார்க்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.

இன்றைக்கு ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென்றே ஒதுக்கப்பட்டது. மலையாளிகள் வோட்டுப் போடுகிறார்கள், காப்பி விற்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அவர்களுடைய பெயர் பார்க்கத்தக்க இடங்களின் பட்டியலில் இல்லாததைப் பற்றி அவர்களுக்கு வருத்தமிருப்பதாகத் தெரியவில்லை. வருத்தம் நமக்குத்தான் இருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குத் தைலமும் தேனும் வாங்கிக்கொண்டு இறங்குகிற நாம், அந்த மலைக்குச் சொந்தக்காரர்களோடு ஐந்து நிமிஷம் பேசாமல் இறங்குகிறோமே!

அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் லேடீஸ் சீட்டில் தாராளமாக உட்காருங்கள். காட்சி அற்புதமானது, அதில் சந்தேகமே இல்லை. பிறகு சேர்வராயன் கோயிலுக்கும் போய்வாருங்கள். அங்கே ஆசனம் கிடையாது. குகை வாசல் தாழ்ந்தது. கவர்னரானாலும் கலெக்டரானாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும்.